கண்ணாடிக்குள் இல்லாத மேடு

கண்ணாடியில் மின்சாரம் பாயாது என்று எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நானும் கல்லூரியில் பல வருடம் அப்படித்தான் பாடம் நடத்தினேன், அதை அப்படியே எழுதிய பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண்ணும் போட்டேன். அது பாதி உண்மைதான். சூடாக்கினால் கண்ணாடியிலும் மின்சாரம் பாயும். அது எவ்வளவு பாய்கிறது, வெப்பத்துக்குத் தக்கபடியும் அதிர்வெண்ணுக்குத் தக்கபடியும் எப்படி மாறுகிறது என்று அளப்பதற்குத்தான் நாற்பது வயதுக்கு மேல் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன்.

தூத்துக்குடியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியிலேயே ஆய்வகம். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் ஆய்வு. பக்கத்தில் இருக்கும் சின்னப் புதுக்கோட்டை ஊரிலிருந்து எட்டரை மணி பஸ்ஸில் வந்து, ஆறரை மணி பஸ்ஸில் திரும்புவேன். இந்த இரண்டு பஸ்ஸுக்கு நடுவில்தான் என் ஆராய்ச்சி முழுவதும் நடந்தது. பிற்பாடு நடந்த கூத்துக்கு இந்த பஸ்ஸும் ஒரு காரணம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

என் கண்ணாடி, சன்னலில் போடுகிற கண்ணாடி இல்லை. சோடா உப்பு, போரிக் அமிலம், துத்தநாக ஆக்சைடு மூன்றையும் அரைத்து, உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்கி, பித்தளைத் தட்டில் ஊற்றி, இன்னொரு தட்டால் அமுக்கினால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டாக வரும். அதை மெதுவாக ஆறவிட்டு, இரண்டு பக்கமும் தேய்த்து மெருகேற்றி, வெள்ளிப் பசை பூசி, இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வைத்துச் சின்ன உலைக்குள் தள்ளிவிட வேண்டும். வெளியே மீட்டர். பத்து டிகிரிக்கு ஒரு தரம் நிறுத்தி, நூறு ஹெர்ட்ஸ் தொடங்கிப் பத்து லட்சம் ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு கடத்துகிறது என்று குறிப்பேன்.

கண்ணாடிக்குள் மின்சாரத்தைச் சுமந்துகொண்டு போவது சோடியம் அயனிகள். அவை எப்படிப் போகின்றன என்று வகுப்பில் சொல்லும்போது என் எட்டரை மணி பஸ்ஸைத்தான் உதாரணம் காட்டுவேன். நெரிசலான பஸ். "முன்னால போ, பின்னால வா" என்று கண்டக்டர் மாற்றி மாற்றிச் சொல்கிறார் என்று வையுங்கள். ஆற அமரச் சொன்னால் ஒவ்வொருவரும் பஸ்ஸின் முழு நீளத்தையும் இடித்துக்கொண்டு கடக்க வேண்டும். பாதிப் பேர் நடுவிலேயே மாட்டிக்கொள்வார்கள். சட்சட்டென்று மாற்றிச் சொன்னால் நின்ற இடத்திலேயே ஓர் அடி முன்னும் பின்னும் அசைந்தால் போதும், அது எல்லோராலும் முடியும். அதனால் அதிர்வெண் கூடினால் கடத்தலும் கூடும். வெப்பம் ஏறினாலோ அயனிகளுக்கு இடித்துத் தள்ளிக்கொண்டு போகிற தெம்பு வந்துவிடும், அப்போதும் கூடும். இந்தச் சாதாரணக் கண்ணாடியில் வெப்பம் ஏற ஏறக் கடத்தல் குறைய வழியே இல்லை. அதற்கென்று உள்ள முறையில் வரைபடம் போட்டால் நேர்கோடு வரவேண்டும்.

எனக்கு நேர்கோடு வரவில்லை. மேடு வந்தது.

குறைந்த அதிர்வெண்ணில் மட்டும், அறை வெப்பத்தில் தொடங்கி அறுபது டிகிரி வரை கடத்தல் ஏறியது. அப்புறம் இறங்கியது. நூறு டிகிரியைத் தாண்டிய பிறகு எல்லோருடைய கண்ணாடியையும் போல நேர்கோட்டில் ஏறியது. உயர் அதிர்வெண்ணில் மேடு கிடையாது. முதல் தடவை வந்தபோது மீட்டரைச் சந்தேகப்பட்டேன். மூன்றாம் தடவையும் அதே இடத்தில் வந்ததும் மனசுக்குள் ஒரு துள்ளல். ஐந்து வருடமாக ஊர் உலகம் செய்ததையே திரும்பச் செய்துகொண்டிருந்தவளுக்கு, யாரும் பார்க்காத ஒன்று கையில் கிடைத்தால் எப்படி இருக்கும்? அன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மாவிடம் சொல்லலாமா என்றுகூட இருந்தது.

என் நெறியாளர் வரைபடத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டும் பார்த்தார். அவர் ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது. "ஏம்மா, இது புதுசால்லா இருக்கு. இத வச்சே மூணாம் இயல எழுதிரு" என்றார். எனக்கும் அதற்கு மேல் அவகாசம் இல்லை. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. அந்த வருடக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும், அத்தனை வருட உழைப்பும் காற்றோடு போகும். ஆகவே அந்த மேட்டின் மேல் மூன்றாம் இயலைக் கட்டினேன். துத்தநாகம் சோடியத்தை எப்படி முதலில் விடுவித்து அப்புறம் பிடித்துக்கொள்கிறது என்று பதினெட்டுப் பக்கம் விளக்கம். இப்போது நினைத்தாலும் அந்த விளக்கம் அழகாகத்தான் இருக்கிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதே விளக்கத்தைக் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கும் அனுப்பினேன்.

இனி எங்கள் ஆய்வக உதவியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன், அவர் மேடம் என்பார். கடற்கரைத் தெருக்காரர், அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனவர்கள். இவருக்கு மட்டும் படகில் ஏறினால் குமட்டும் என்று படிக்க அனுப்பினார்களாம். கண்ணாடி வட்டைத் தேய்ப்பதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. நான் தேய்த்தால் ஒரு பக்கம் தடித்துப்போகும், அவர் தேய்த்தால் எந்த இடத்தில் அளந்தாலும் ஒரே கனம்.

மேடு தெரிவதற்குச் சில வாரம் முன்பு, சின்ன உலை ஓட ஆரம்பித்த முதல் நாள். மதியம் ஒன்றரை மணி. பெரிய உலையும் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அறை அடுப்படியாகக் கொதித்தது. அவர் கிழக்குச் சன்னல் பக்கம் போய் வெளியே முகத்தைக் காட்டிவிட்டு வந்தார்.

"மேடம், கொண்டல் ஏறிட்டு. உப்பா அடிக்கும். கிழக்குச் சன்னல அடைச்சிருதேன்."

"அடைச்சா வெந்துல்லா போவோம், அண்ணாச்சி? இந்தக் காத்துக்குத்தான ஊரே வாசலத் தெறந்து வச்சிருக்கு. நல்லாத் தெறந்து வைங்க."

தூத்துக்குடியில் இருந்தவர்களுக்குத் தெரியும். காலை முழுவதும் புழுங்கிச் செத்து, மதியம் கொண்டல் என்கிற கடல்காற்று எழும்பியதும் வீடு, கடை, அலுவலகம் எல்லாம் கிழக்கைத் திறந்துவிடும். அந்தக் காற்றை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? நானோ ஆற்றங்கரை நெல்வயல் ஊரில் பிறந்தவள். சித்திரையில் ஓர் இலை அசையாதா என்று வானத்தைப் பார்த்துக் கிடந்தவள். காற்றில் குறை கண்டுபிடிக்கிற ஆள் எனக்குப் பிடிபடவில்லை. அவர் மறுபேச்சுப் பேசாமல் சன்னல் கதவு அடிக்காமலிருக்க அரைச் செங்கல்லை முட்டுக் கொடுத்தார். மெருகேற்றிக் கழுவிய வட்டுகளையும் அந்தச் சன்னலடியில் ஒரு தட்டில் வைக்கச் சொன்னேன். காற்றில் நன்றாகக் காயும் என்பது என் யோசனை.

கட்டுரை அனுப்பிச் சில மாதத்தில் பதில் வந்தது. ஆய்விதழின் மதிப்பீட்டாளர், யாரென்று தெரியாது, ஒரே வரி எழுதியிருந்தார். சூடேற்றும்போது எடுத்த அளவுகள் இருக்கின்றன, ஆறும்போது எடுத்தவை எங்கே?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆறும்போது அளந்தால் ஆறரை மணி பஸ்ஸை யார் பிடிப்பது? கல்லூரிக் கதவை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்று அவருக்கு எழுதிப்போட முடியுமா? இரண்டு நாள் திட்டிக்கொண்டே திரிந்தேன். மூன்றாம் நாள் சனிக்கிழமை. வகுப்பு இல்லாததால் முன்னேரத்திலேயே சூடேற்றி முடித்து, ஆறும்போதும் அளந்தேன்.

ஏறும்போது மேடு இருந்தது. இறங்கும்போது இல்லை.

நூற்றிருபது, நூறு, எண்பது, அறுபது என்று இறங்க இறங்கக் கோடு நூல் பிடித்தாற்போல் நேராக வந்தது. மீட்டரை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடியின் குணம் என்றால் ஏறும்போதும் இருக்க வேண்டும், இறங்கும்போதும் இருக்க வேண்டும். நூறு டிகிரிக்கு மேல் போனால் காணாமல்போகிற ஒன்று கண்ணாடிக்குள் இல்லை, மேலே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஈரம். வெறும் ஈரம் அவ்வளவு கடத்தாது, அதில் ஏதோ கரைந்திருக்க வேண்டும்.

தட்டில் கிடந்த வட்டு ஒன்றைக் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீரில் அலசி, அந்த நீரில் வேதியியல் துறையிலிருந்து வாங்கிவந்த வெள்ளி நைட்ரேட்டைத் துளி விட்டேன். லேசாகப் பால் கலந்ததுபோல வெளுத்தது. நன்றாகக் கழுவிய வட்டை அலசிய நீர் தெளிவாகவே நின்றது. ப்ளஸ் டூ பையனுக்குக்கூட இதன் அர்த்தம் தெரியும். சாப்பாட்டு உப்பு.

உப்பு எங்கிருந்து வந்தது? வட்டுகளைத் தொடுவது ஒரே ஒரு ஆள்.

அடுத்த திங்கட்கிழமை நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. முதுகலை இரண்டாமாண்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் செய்முறை வகுப்பில் இருந்தார்கள். அண்ணாச்சி அறைக்கோடியில் வட்டு தேய்த்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் நின்றேன்.

"காலையில கருவாட்டத் தின்னுட்டு அந்தக் கையோட தொட்டா கண்ணாடி என்ன செய்யும், அண்ணாச்சி? உங்க ஆளுகளுக்கு உப்புன்னா ஒரு பொருட்டே இல்ல. என் பட்டம்லா போவுது."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார்.

"கழுவிட்டுத்தான் தொட்டேன், மேடம்."

அவ்வளவுதான் சொன்னார். வட்டைத் துணியில் வைத்துவிட்டு வெளியே போனார். ஒரு பெண் தலையைக் குனிந்து நோட்டில் ஏதோ எழுதுவதுபோல் பாவனை செய்தாள். எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று ஒரு நிறைவுகூட இருந்தது.

மறுநாளிலிருந்து அவர் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்தார். கையுறை போட்டுத் தேய்த்தால் வட்டு வழுக்கும், இரண்டு மடங்கு நேரமாகும். அந்த வட்டுகளை அளந்தேன். மேடு இருந்தது. அவரை நம்பாமல் நானே கையுறை போட்டு, நானே தேய்த்து, கழுவி, சன்னலடித் தட்டில் காயவைத்து, பசை பூசி அளந்தேன். ஒரு பக்கம் தடித்த என் அசட்டு வட்டிலும் மேடு கம்பீரமாக நின்றது.

ஆக, அவர் கை இல்லை. இது எனக்கு ஒரு புதன்கிழமை மாலை தெரிந்துவிட்டது. அவரிடம் சொன்னேனா? இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், கூடம் நேர்தான் என்று தெரிந்த பிறகு அவள் என்ன சொன்னாள் என்று பழமொழி சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அவர் கையுறையோடு தேய்த்துக்கொண்டிருந்தார்.

நெறியாளரிடம் போனேன். அவர் பெருமூச்சு விட்டார். "கெடக்கட்டும்மா. ஏறும்போது எடுத்த அளவு பொய்யா? இல்லைல்லா. அடியில ஒரு குறிப்புப் போட்டு விட்டுரு. யார் திருப்பிச் செய்யப் போறா?" அவர் கெட்டவர் இல்லை. ஓய்வுக்கு முன் என்னைக் கரையேற்றிவிட நினைத்தார். எனக்கும் ஒரு வாரம் அந்த ஆசை இருந்தது. வீட்டில் என் கணவரிடம், மேடு போய்விட்டால் மிஞ்சுவது வெறும் நேர்கோடுதான் என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "நேர்கோட்டுக்கா இத்தன வருசம்?" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

இதற்கு நடுவே கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று அறிவிப்பு. குழு வருகிறதென்றால் எங்கள் ஊரில் முதலில் நடப்பது வெள்ளையடிப்பு. பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் சன்னலைத் திறந்து அடிக்கச் சோம்பல்பட்டு, சாத்தியபடியே கதவும் நிலையும் சேர்த்துப் பச்சை பெயிண்டை இழுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் நான் வந்து தள்ளினால் கிழக்குச் சன்னல் அசையவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டுவிட்டது.

அண்ணாச்சி வந்து பார்த்தார். "உளி கொண்டாரட்டா, மேடம்? நெம்பித் தெறந்துரலாம்." அவர் சன்னலை அடைக்கலாம் என்று சொன்னவர். இப்போது எனக்காக உடைத்துத் திறக்கத் தயாராக நிற்கிறார். குழு வருகிற நேரத்தில் புதுப் பெயிண்டைப் பெயர்த்தால் முதல்வர் என்னைப் பெயர்த்துவிடுவார் என்பதால் வேண்டாம் என்றேன். அன்று அறையில் வெந்தோம். வட்டு காற்றில் காயாது என்று விளக்கடியில் காயவைத்துப் பசை பூசினேன். ஒன்றரை மணிக்கு உலையை முடுக்கினேன்.

மேடு இல்லை.

முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது. கடத்தல் எவ்வளவு குறைவாக இருக்க வேண்டுமோ அவ்வளவு குறைவாக இருந்து, ஒழுங்காக ஏறியது. நான் எழுந்து மீட்டரின் பின்பக்கக் கம்பிகளைச் சரிபார்த்தேன். மூக்குக்கண்ணாடி மங்கலாகத் தெரிய, கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைக்கப் போனேன். துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. கண்ணாடி சுத்தமாக இருந்தது, மங்கலுக்குக் காரணம் கண்ணில் இறங்கிய வேர்வை. தினமும் இந்நேரத்துக்கு அதில் பிசுபிசுவென்று ஒரு படலம் படிந்திருக்கும். துடைத்தால் கோடு கோடாக இழுபடும். இத்தனை மாதமாகத் தினமும் மூன்று மணிக்கு அதைத் துடைத்துக்கொண்டுதான் மீட்டரைப் பார்த்திருக்கிறேன். மூக்கின் மேல் இருந்த கண்ணாடியில் படிந்தது, உலைக்குள் இருந்த கண்ணாடியில் படியாதா?

மெதுவாகத் திரும்பிப் பச்சைச் சன்னலைப் பார்த்தேன். 'கொண்டல் ஏறிட்டு, உப்பா அடிக்கும்.' முதல் நாளே சொன்னார். முதல் நாள் முதல் மணியிலேயே.

பழைய நோட்டை எடுத்தேன். சில மாதம் முன்பு ஆடியில் அளந்த நான்கு வட்டுகளில் மேடு இல்லை. 'வட்டு சரியில்லை' என்று என் கையெழுத்தில் ஓரத்தில் எழுதி அடித்திருந்தேன். ஆடியில் இங்கே மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். நிலத்தைத் தடவி வருகிற வறண்ட காற்று, மண்தான் வரும், உப்பு வராது. சரியாக இருந்தவை அந்த நான்கு வட்டுகள் மட்டும்தான். அவற்றைத்தான் அடித்துப் போட்டிருந்தேன்.

குழு வந்து போன பிறகு அண்ணாச்சியே உளியால் சன்னலைத் திறந்தார். சுத்தமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் எடுத்தேன். ஒன்றை அந்தச் சன்னலடியில் வைத்தேன், இன்னொன்றை அலமாரிக்குள் பூட்டினேன். ஒரு வாரம் கழித்து இரண்டையும் அலசி வெள்ளி நைட்ரேட் விட்டேன். அலமாரித் துண்டின் நீர் தெளிந்து நின்றது. சன்னல் துண்டின் நீர் மோராக வெளுத்தது. அதற்கு மேல் சந்தேகப்பட இடமில்லை. வட்டின் விளிம்பில் உப்பும் ஈரமும் சேர்ந்து மெல்லிய பாதை போட்டு, ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு மின்சாரத்தை வெளிவழியாகவே கொண்டுபோயிருக்கிறது. கொஞ்சம் சூடானதும் அந்தப் பாதை சுறுசுறுப்பாகும், அதனால் ஏற்றம். ஈரம் உலர்ந்ததும் பாதை அறுந்துபோகும், அதனால் இறக்கம். உயர் அதிர்வெண்ணில் கண்ணாடியே நிறையக் கடத்துவதால் இந்தத் திருட்டுப் பாதை கணக்கில் தெரியாது. என் பதினெட்டுப் பக்க விளக்கத்தில் துத்தநாகம் செய்ததாக எழுதியதையெல்லாம் கடல்காற்று செய்திருக்கிறது.

ஆய்விதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். நெறியாளர் ஒரு நாள் என்னோடு பேசவில்லை. மறுநாள், "சரி, எத்தன வட்டு பாக்கி?" என்று கேட்டார். எல்லாமே பாக்கி. சன்னலைச் சாத்தினோம். ஒவ்வொரு வட்டையும் முதலில் நூற்றைம்பது டிகிரிக்குச் சுட்டு, மூடிய குடுவைக்குள் ஆறவைத்து, ஏறும்போதும் இறங்கும்போதும் அளந்தோம். இரண்டு மாதம் நான் வாரத்தில் மூன்று நாள் வகுப்புகளை மற்றவர்களிடம் தள்ளிவிட்டு, மீதி நாளில் அவர்கள் வகுப்புகளையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது. அண்ணாச்சி ஒரு நாள்கூட லீவு போடாமல் வட்டு தேய்த்துக் கொடுத்தார். கையுறை இன்னும் கையில் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் நோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு நாள் மாடிப்படிக்குக் கீழே, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவரை நிறுத்தினேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. உப்பு சன்னல் வழியாத்தான் வந்திருக்கு. நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும். மனசுல வச்சிக்கிடாதீங்க. அந்தக் கையுறையக் கழத்திருங்க."

"சரி, மேடம்" என்றார். இரண்டு படி ஏறியவர் நின்றார். திரும்பாமலே சொன்னார்.

"அன்னைக்குப் பிள்ளைகள முன்னால வச்சுல்லா சொன்னிய."

ஏறிப் போய்விட்டார். கையுறையைக் கழற்றவில்லை.

ஆய்வேட்டைக் கடைசி வாரத்தில் கொடுத்தேன். மூன்றாம் இயலில் மேடு இல்லை. நேர்கோடுகள்தான், ஒன்றன்கீழ் ஒன்றாக. வெவ்வேறு வெப்பநிலையில் எடுத்த அதிர்வெண் வளைவுகளைத் தக்கபடி நகர்த்தி வைத்தால் எல்லாம் ஒரே வளைவின் மேல் போய் உட்காரும் என்பார்கள். மேடு இருந்தபோது என்ன செய்தும் உட்காரவில்லை, அதையும் நான் புதுமை என்று எழுதிவைத்திருந்தேன். இப்போது ஒழுங்காக உட்கார்ந்தன.

பொது வாய்மொழித் தேர்வு எங்கள் கல்லூரிக் கருத்தரங்க அறையில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அந்தப் பன்னிரண்டு பிள்ளைகள் படிப்பை முடித்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நானே போன் போட்டுக் கூப்பிட்டேன். ஒன்பது பேர் வந்தார்கள். மேடம் எதற்கு இவ்வளவு பிரியமாகக் கூப்பிடுகிறார் என்று அவர்களுக்குப் புரிந்திருக்காது. அண்ணாச்சி பின்சுவர் ஓரம் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அது அவர் வேலை.

நேர்கோடுகளையெல்லாம் காட்டி முடித்த பிறகு, ஆய்வேட்டில் இல்லாத ஒரு படத்தைப் போட்டேன். பழைய மேடு, தலைப்பில் 'பிழை' என்று எழுதியிருந்தேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது என்ன? இந்தப் பிழையை எப்படி நீக்கினீர்கள்?" என்று கேட்டார்.

"சன்னலைச் சாத்தினோம், சார்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தேன். குச்சியை மேசையில் வைத்துவிட்டேன்.

"சோதனை தொடங்கிய முதல் நாளே எங்கள் ஆய்வக உதவியாளர், கடல்காற்றில் உப்பு வரும், சன்னலை அடைக்கலாம் என்று சொன்னார். திறந்து வைக்கச் சொன்னது நான். பிறகு கண்ணாடியில் உப்பு இருப்பது தெரிந்ததும், அது அவர் கையிலிருந்து வந்தது என்று மாணவர்கள் முன்னால் அவரைக் கேவலமாகப் பேசினேன். கருவாடு தின்ற கை என்றேன், அவருடைய ஆட்களையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கை சுத்தமாகத்தான் இருந்தது. அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்."

நெறியாளர் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர், "அடுத்த கேள்வி" என்றார். அப்போது கேட்டதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை. பட்டம் கொடுத்தார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு நான் ஆய்வகத்துக்குப் போனேன். மணி மூன்று. கிழக்குச் சன்னல் சாத்தியிருந்தது. அண்ணாச்சி இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து ஒன்றை எனக்கு வைத்தார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் எனக்கு எதிரில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கையில் கையுறை இல்லை. பாதி டீயில் டம்ளரை மேசையில் வைத்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லுங்க, அண்ணாச்சி."

"நான் கருவாடே திங்க மாட்டேன். சின்னதுலேருந்தே ஒத்துக்கிடாது. தின்னா மேலெல்லாம் தடிச்சிரும். வீட்டுல எனக்கு மட்டும் தனியாத்தான் கொழம்பு வப்பாவ."

டம்ளரைக் கீழே வைத்தேன். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேக்கலியே, மேடம்" என்றார்.